துசியந்தி சொன்ன நாகசாகி

நாகசாகி தனக்குப் பிடித்துப்போகும் என்று பிறேமினி எதிர்பார்க்கவே இல்லை.

அவளுடைய கணவன் கிளின்ரனுக்குக் கப்பல்களைச் சோதித்துச் சான்று கொடுக்கும் கம்பனியொன்றில் வேலை. ஜப்பானில் புதிதாகக் கட்டப்படும் ஒரு பெரிய கப்பலோடு ஒரு வருடம் நிற்கவேண்டும் என்று கம்பனி சொன்ன அன்று, அவன் வீட்டுக்கு வந்து தயங்கித் தயங்கித்தான் விஷயத்தைச் சொன்னான். பிறேமினி லண்டன் நோர்பரியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் முன்மேசையில் இருந்தாள். கடைக்காரர் சம்பளமில்லாத விடுப்புக்கு உடனேயே சம்மதித்துவிட்டார். பள்ளிக்கூடம், பரீட்சை என்று யோசிக்க வீட்டில் பிள்ளைகள் இல்லை. கதவைப் பூட்டிவிட்டுப் போகலாம். அவ்வளவு லேசாகப் போகமுடிந்ததே அவளுக்குக் கொஞ்சம் குத்தியது.

"அங்க போய் நான் என்ன செய்யிறது?" என்று கேட்டாள்.

"ஒண்டும் செய்யத் தேவையில்ல. ஊரைப் பாரன்" என்றான் கிளின்ரன். அவன் அளந்து பேசுகிற ஆள்.

ஒக்டோபர் தொடக்கத்தில் போய் இறங்கினார்கள். மூன்று பக்கமும் மலை, நடுவில் நாக்கு நீட்டினாற்போலக் கடல். கம்பனி கொடுத்த வீடு மலைச்சரிவில் பாதி உயரத்தில் இருந்தது. கார் போகாது, படிதான். மரக்கறிப் பையோடு ஏறி முடிக்கும்போது மூச்சு வாங்கும். ஆனால் திரும்பிப் பார்த்தால் துறைமுகம் முழுவதும் காலடியில் கிடக்கும். பாரந்தூக்கிகள், தீவுகளுக்குப் போகும் படகுகள், மேலே வட்டமடிக்கும் பருந்துகள். பேசாலைக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கடலை மேலிருந்து பார்ப்பது புதிதாக இருந்தது. ஊரில் கடல் எப்போதும் கண்ணுக்கு நேரேதான் நின்றது.

போய் இறங்கிய வாரமே நாகசாகியில் திருவிழா. கப்பல் போலச் செய்த பெரிய தேரொன்றை இளைஞர்கள் இழுத்துவந்து, சில்லுகள் கல்லில் தேய்ந்து சத்தமிட, நின்ற இடத்திலேயே சுழற்றினார்கள். தேர் வெளியேறப் போகும்போது சனம் முழுவதும் ஒரே குரலில் கத்தியது. திரும்பக் கொண்டுவா என்று அதற்கு அர்த்தமாம். தேர் திரும்ப ஓடிவந்தது. அடுத்த முறை பிறேமினியும் சேர்ந்து கத்தினாள். கிளின்ரன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அப்படிக் கத்தி அவன் எத்தனையோ வருடமாகக் கேட்டதில்லை.

அன்று மாலை அதை யாருக்காவது சொல்லவேண்டும் போலிருந்தது. போனை எடுத்து, லண்டனில் இருக்கும் துசியந்திக்குக் குரல் பதிவொன்று அனுப்பினாள். அப்படித்தான் அது தொடங்கியது.

துசியந்தி யார் என்பதைச் சொல்லவேண்டும். பிறேமினி இருபது சொச்சம் வயதில் தனியாக லண்டன் வந்தபோது, பிளேஸ்டோவில் பிலோமினம்மா என்ற மனுஷியின் வீட்டு மேல்மாடியில் ஒரு அறை கிடைத்தது. அந்த அறையின் மற்றக் கட்டிலில் இருந்தவள்தான் துசியந்தி. யாழ்ப்பாணம் பாசையூர்க்காரி. இருவரும் ஒரே சாண்ட்விச் தொழிற்சாலையில் ஒரே ஷிப்டில் நின்றார்கள், ஒரே குளிர்கோட்டை மாறி மாறிப் போட்டார்கள். பிறகு இருவருக்கும் கல்யாணமாகி, பிறேமினி தெற்கே நோர்பரிக்குப் போய்விட்டாள், துசியந்தி பிளேஸ்டோவிலேயே தங்கிவிட்டாள். ஆனாலும் ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் ரயிலேறி வந்துவிடுவாள்.

அப்போது கிளின்ரன் கப்பலில் எஞ்சினியராக ஓடிக்கொண்டிருந்தான். பிறேமினி நிறைமாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் அவன் எங்கோ அத்திலாந்திக் நடுவில் இருந்தான். பிள்ளையின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது என்று டொக்டர் சொன்னபோது அவள் பிடித்திருந்தது துசியந்தியின் கையை. பிள்ளையைப் பெற்றெடுத்த பிறகு தாதி மெதுவாக வந்து, பார்க்கப் போகிறீர்களா, மடியில் வைத்திருக்கப் போகிறீர்களா என்று கேட்டாள். பிறேமினி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஏலாது" என்றாள். துசியந்திதான் எழுந்துபோய்ப் பிள்ளையை வாங்கிக் கையில் வைத்திருந்தாள். பெண்பிள்ளை. அவ்வளவுதான் பிறேமினி அறிந்தது. பிள்ளை எப்படி இருந்தாள் என்று அவள் பிறகு ஒருபோதும் கேட்கவில்லை. துசியந்தியும் சொல்லவில்லை. அடக்கத்தை ஆஸ்பத்திரியே பார்த்துக்கொண்டது. கிளின்ரன் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் கடல் வேலையை விட்டுக் கரையில் வேலை தேடிக்கொண்டான். அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. பேசாமலே வருடங்கள் போயின.

அதனால் நாகசாகியில் மனதில் பட்டதையெல்லாம் துசியந்திக்குச் சொன்னது இயல்பாகத்தான் இருந்தது. கிளின்ரன் காலையில் துறைமுகத்துக்குப் போனால் மாலையில்தான் வருவான். பிறேமினி மாலையில் யன்னலோரம் இருந்து பேசினால், அது துசியந்தி காலையில் பஸ்ஸில் வேலைக்குப் போகும்போது போய்ச் சேரும். துசியந்தி கிழக்கு லண்டனில் ஒரு மருந்துக்கடையில் நின்றாள். வீட்டில் படுக்கையோடு கிடக்கும் மாமியார், பேசாத புருஷன், எப்போதும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு திரியும் இரண்டு பெடியன்கள்.

"சொல்லடி, பேந்து?" என்று பதில் வரும். "நேற்றையான் பாதியில நிக்குது. மிச்சத்தைச் சொல்லு."

பிறேமினி சொன்னாள். புதுவருடம் பிறந்த நேரம் துறைமுகத்தில் நின்ற கப்பல்களெல்லாம் ஒன்றாக ஊதியதையும், மலைகள் அதைத் திருப்பி ஊதியதையும் சொன்னாள். தெருவெங்கும் சிவப்பு விளக்குத் தோரணம் கட்டிய பெப்ரவரியில், ஒரு காலை பனி கொட்டி, விளக்குகளின் தலையில் வெள்ளைத் தொப்பி போட்டுவிட்டதைச் சொன்னாள். விசுவாசத்துக்காகக் கொல்லப்பட்ட வேதசாட்சிகளின் குன்றில் நடந்த பூசைக்குப் போனதையும் சொன்னாள். ஜப்பான்காரக் கிழவிகள் தலையில் வெள்ளை முக்காட்டோடு முழங்காலில் நின்றார்களாம். "எங்கட ஊர்ப்பக்கம் தோட்டவெளி வேதசாட்சிகள் கோயில்ல நிண்டமாதிரி இருந்ததடி. மொழி ஒண்டும் விளங்கேல்ல. ஆனா எந்த இடத்தில என்ன செபம் எண்டு எனக்குத் தெரிஞ்சது."

வசந்தத்தில் மலை உச்சியில் பட்டம் விடும் போட்டி. நூலுக்குக் கண்ணாடித்தூள் பூசி ஒருவர் பட்டத்தை ஒருவர் அறுக்கிறார்கள். செர்ரிப்பூ எல்லாம் உதிர்ந்து முடிந்திருந்தது. அறுந்த பட்டமொன்று பிறேமினியின் மடியிலேயே வந்து விழுந்தது. எடுத்துக் கொடுக்கப் போனால் பட்டம் விட்ட மனிதன் தலையாட்டி மறுத்துவிட்டான். அறுந்தது விழுந்த இடத்தவருக்குத்தானாம். அதைச் சொல்லும்போது அவள் சிரித்த சிரிப்பில் பாதிப் பதிவு போய்விட்டது.

அந்தக் காலத்தில்தான் துசியந்தியின் கேள்விகள் கூடின. "அந்தப் பட்டம் என்ன நிறம்?" "நீ சொன்ன அந்த ஐஸ்கிறீம் விக்கிற மனுசி என்ன சட்டை போட்டிருந்தவ?" "ஜூன் மாசம் பூக்கிற அந்த நீலப் பூ மணக்குமே?" பிறேமினிக்குச் சந்தோஷமாக இருந்தது. தன் வாழ்க்கையில் ஒருவர் இவ்வளவு அக்கறையாக எதையும் கேட்டதில்லை. மழையில் நனைந்துபோய்ப் பூவை மோந்து பார்த்து, "மணமில்லையடி, மழைதான் மணக்குது" என்று சொன்னாள். மண் மாறினால் பூவின் நிறம் மாறும் என்று பக்கத்து வீட்டுக் கிழவர் சைகையில் விளக்கியதையும் சேர்த்துச் சொன்னாள்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஆத்துமாக்களின் படகு ஊர்வலம். அந்த வருடம் வீட்டில் யாராவது இறந்திருந்தால், அந்த வீட்டார் ஒரு படகு செய்து, விளக்கேற்றி, இறந்தவரின் படத்தை முன்னால் வைத்து, தெருவழியே கடற்கரைக்கு இழுத்துப் போவார்கள். போகும் வழியெல்லாம் சீனவெடி. கட்டுக்கட்டாக, பெட்டிபெட்டியாக. காது செவிடாகிவிடும் என்று பார்ப்பவர்களெல்லாம் பஞ்சு வைத்துக்கொண்டு நின்றார்கள். கிளின்ரனும் வைத்துக்கொண்டான். பிறேமினி வைக்கவில்லை.

பெரிய படகுகளுக்கு நடுவே இரண்டு பேர் மட்டும் தூக்கிவந்த ஒரு சின்னப் படகு வந்தது. அதில் படம் இல்லை. ஒரு சோடிச் சின்னக் காலுறை மட்டும் தொங்கியது. அந்த இளம் தாயும் தகப்பனும் யாரையும் பார்க்காமல் நடந்தார்கள். அவர்கள் கடந்துபோகும்போது வெடிச்சத்தத்துக்குள் பிறேமினி வாய்விட்டு ஒரு பெயரைச் சொன்னாள். "மரிஸ்ரெல்லா." அத்தனை வருடமும் அந்தப் பெயர் தனக்குள் இருந்தது என்று அவளுக்கே அப்போதுதான் தெரியும். இன்னொரு தரம், இன்னும் பலமாகச் சொன்னாள். பக்கத்தில் தோளோடு தோள் நின்ற கிளின்ரன் படகுகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்து அவள் அதை அவனுக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துசியந்திக்குத்தான் சொன்னாள். அழுது அழுது, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "உனக்கு மட்டும்தான் சொல்லுறன்" என்று முடித்தாள்.

அதற்கு உடனே பதில் வரவில்லை. மறுநாள் வந்தது. "நல்ல பேர் வச்சிருக்கிறாய்" என்று மட்டும்.

ஒக்டோபரில் கப்பல் கடலுக்குப் போனது. அவர்களும் லண்டன் திரும்பினார்கள்.

முதல் ஞாயிறு தமிழ்ப் பூசைக்குக் கிளின்ரன் வரவில்லை. வேலை விஷயமாக சவுத்தாம்ப்டன் போயிருந்தான். பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும். தேத்தண்ணி ஊற்றிய இம்மாகுலேற் அக்கா கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கோயில் பங்கில் எல்லாருக்கும் அவர்தான் அக்கா.

"வந்திட்டீங்களே பிள்ளை! ஜப்பான் எப்பிடி?"

சுற்றி நான்கைந்து பெண்கள். ஒரு வருடமாக யாருக்கும் நேரில் சொல்லாமல் வைத்திருந்த ஊர். பிறேமினி எங்கே தொடங்குவது என்று யோசித்து, மழையில் தொடங்கினாள். "நாகசாகியில ஜூன் மாசம் முழுக்க மழை அக்கா. சரிவெல்லாம் பெரிய பெரிய பந்து மாதிரிப் பூ. ஒரு வாசல்ல நீலம், அடுத்த வாசல்ல ஊதா..."

"மண் மாறினா நிறம் மாறும், என்ன?" என்றார் இம்மாகுலேற் அக்கா சிரித்துக்கொண்டு. "மணமில்லை, மழைதான் மணக்கும்."

பிறேமினி நிறுத்தினாள். "உங்களுக்கு எப்பிடி?"

"துசி அக்கா சொன்னவவெல்லோ. றேடியோவில. ஞாயிறு பின்னேரம் வாற நிகழ்ச்சி. நீங்களும் கேக்கிறனீங்கள் போல. அப்பிடியே அவவின்ர மாதிரியே சொல்லுறீங்கள்."

மற்றவர்களும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பல்ல. ஒருவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. பிறேமினியின் முகம் சூடேறியது. "எந்தத் துசி அக்கா?"

"மனோர் பார்க்கில இருந்து நடத்துற இண்டர்நெட் றேடியோ. துசியந்தி எண்டு பேர். அவ முந்தி நாகசாகியில ஒரு வருசம் இருந்தவவாம். நாலு காலத்தையும் ஒவ்வொண்டாச் சொன்னவ. பட்டம் மடியில விழுந்தது, ஐஸ்கிறீம் மனுசி... நீங்கள் போற ஊரெண்டு தெரிஞ்சிருந்தா நான் அப்பவே சொல்லியிருப்பன்."

கடைசியில் நின்ற ஒரு பெண் குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பிள்ளையின்ர கதை கேட்டனீங்களே அக்கா? படகு ஊர்வலத்தில நிண்டு தன்ர செத்த பிள்ளையின்ர பேரைக் கூப்பிட்டவ. மரிஸ்ரெல்லா எண்டு. எனக்கு ரெண்டு நாள் சமைக்க ஏலாமப் போச்சு."

பிறேமினி கோப்பையை மேசையில் வைத்தாள். போகவேண்டும் என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியாது.

வெளியே பஸ் தரிப்பிடத்தில் இருந்து போனில் தேடினாள். கிடைத்தது. 'துறைமுக நகரின் காலங்கள்.' துசியந்தியின் குரல்தான். ஆனால் மெருகேற்றிய குரல், வானொலிக்கென்று எடுத்துப் போட்டுக்கொண்ட குரல். பின்னால் ஒரு புல்லாங்குழல். "நேயர்களே, நான் அந்தத் தேரைப் பார்த்துக் கத்தினேன்" என்றது குரல். "அறுந்த பட்டம் என் மடியில் விழுந்தது" என்றது. பஸ்கள் வந்து நின்று போயின. பிறேமினி ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவள் சொன்ன சொற்கள், அவள் சொன்ன ஒழுங்கு, அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தல். துசியந்தி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் அதில் இருந்தது. பட்டத்தின் நிறம். ஐஸ்கிறீம் மனுசியின் சட்டை. ஆசையாகக் கேட்கிறாள் என்று நினைத்து மழைக்குள் இறங்கிப்போய் மோந்து பார்த்த பூ.

கடைசியில் ஓகஸ்ட். கேட்காமல் விடலாம் என்று நினைத்தாள். விடமுடியவில்லை.

குரல் ஆஸ்பத்திரியைச் சொன்னது. கணவன் கடலில் இருந்ததைச் சொன்னது. எல்லாம் பிறேமினிக்குத் தெரிந்தது. பிறகு குரல் தாழ்ந்தது. "பிள்ளையை என் கையில் தந்தார்கள். தலை நிறைய முடி, நெற்றியில் ஈரமாக ஒட்டிக் கிடந்தது. நீளமான விரல்கள். மஞ்சள் கம்பளித் தொப்பி நழுவியபோது பார்த்தேன், வலது காதின் நுனி சற்றே மடிந்திருந்தது. தூங்குவது போலத்தான் இருந்தாள்."

பிறேமினி போனை நிறுத்தினாள்.

கிளின்ரனின் வலது காது அப்படித்தான். நுனியில் ஒரு மடிப்பு. தன் மகள் எப்படி இருந்தாள் என்பதை அவள் ஒரு பஸ் தரிப்பிடத்தில், புல்லாங்குழல் ஓசையோடு அறிந்துகொண்டாள். சமைக்க முடியாமல் போன அந்தப் பெண்ணுக்கு அது முதலே தெரிந்திருந்தது. இம்மாகுலேற் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. எத்தனை குசினிகளில், எத்தனை கார்களில் தெரிந்திருந்ததோ. தாய்க்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

அடுத்த நாள் அவள் பிளேஸ்டோ போனாள். துசியந்தி கதவைத் திறந்து, "எடி! சொல்லாமல் கொள்ளாமல்..." என்று தொடங்கி, முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். முன்னறையில் மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார். இருவரும் குசினிக்குள் போனார்கள். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. துசியந்தி அதை நிறுத்தவில்லை.

"கேட்டிட்டியா?" என்றாள்.

"ஓம்."

"சொல்லத்தான் இருந்தனான். நீ வந்தாப்போல சொல்லுவம் எண்டு..."

"ஒவ்வொரு நாளும் நான் உன்னோட கதைச்சனான், துசி. ஒரு நாள் சொல்லியிருக்கலாமெல்லே?"

துசியந்தி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு வேகவேகமாகச் சொன்னாள். தொடக்கத்தில் 'என்ர கூட்டாளி சொன்னவ' என்றுதான் சொன்னாளாம். றேடியோ நடத்தும் பிரதாபன் அண்ணை, நீங்களே போன மாதிரிச் சொல்லுங்கோ, கேக்கிறவைக்கு நெருக்கமாயிருக்கும் என்றாராம். ஒரு தரம் 'நான்' என்று சொன்ன பிறகு திரும்ப வழியில்லாமல் போய்விட்டதாம். "எத்தனை பேர் போன் எடுத்துக் கதைச்சவை தெரியுமே? இந்த வீட்டில நான் வாய் திறந்தா ஒரு சனம் திரும்பிப் பாக்காது. நீ அனுப்பினதுகளைப் பஸ்ஸில நான் திரும்பத் திரும்பக் கேட்டனான். கேட்டுக் கேட்டு நானும் அங்க இருந்த மாதிரித்தான். நீ எனக்குத்தானே சொன்னனி?"

"உனக்குத்தான் சொன்னனான்" என்றாள் பிறேமினி. "உனக்கு."

"பூவையும் பட்டத்தையும் சொன்னா உனக்கு என்ன குறைஞ்சுபோச்சு?"

"பூவை விடு. பட்டத்தையும் விடு. அதுகளை எடுத்துக்கொள். பிள்ளையை ஏன் எடுத்தனி?"

துசியந்தியின் கண் நிறைந்தது. ஆனால் குரல் இறங்கவில்லை. "நான்தானே தூக்கினனான்! நீ திரும்பிப் பாக்கேல்ல. அந்தப் பாரம் இண்டைக்கும் என்ர கையில இருக்கு. ஆரிட்டச் சொன்னனான் நான்? நீ கேட்டனியா? ஒரு நாளாவது கேட்டனியா? எனக்குள்ளயும் அது கிடந்து அழுகுது."

அது உண்மை. பிறேமினிக்கும் அது உண்மை என்று தெரிந்தது. அதுதான் அவளை இன்னும் எரித்தது.

"எனக்குச் சொல்லியிருக்கலாம்" என்றாள். "பேர் சொன்ன அண்டைக்கே சொல்லியிருக்கலாம். காது எப்பிடி, முடி எப்பிடி எண்டு எனக்கு முதல் சொல்லியிருந்தா, நான் உன்ர காலைப் பிடிச்சுக் கும்பிட்டிருப்பன். நீ ஊருக்குச் சொல்லித்தான் எனக்குத் தெரியவந்தது."

பருப்பு அடிப்பிடித்து மணத்தது. முன்னறையில் மாமியார் விழித்து, "ஆரது?" என்று கேட்டார். பிறேமினி வாசலை நோக்கி நடந்தாள்.

"நான் றேடியோவில மன்னிப்புக் கேக்கிறன்" என்றாள் துசியந்தி பின்னாலேயே வாசல்வரை வந்து. "உன்ர பேரைச் சொல்லி, இது உன்ர கதை எண்டு..."

"என்ர பேரையும் விக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டுப் பிறேமினி படியிறங்கினாள்.

கிளின்ரனுக்கு எப்படிச் சொல்வது என்று அவள் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். அவசியமிருக்கவில்லை. அவன் சவுத்தாம்ப்டனிலிருந்து வந்து, கோட்டைக் கழற்றாமல் இருந்தான். கூட வேலை செய்யும் லெஸ்லி காரில் ஒரு நிகழ்ச்சி போட்டானாம். நாகசாகியைப் பற்றியது, கேள் மச்சான் என்று. தேரும் பட்டமும் வந்தபோது, அட, எங்களைப் போலவே யாரோ என்று நினைத்தானாம். மஞ்சள் தொப்பி வந்தபோதுதான் துசியந்தியின் குரல் என்று பிடிபட்டதாம். அந்தத் தொப்பி இன்னும் அவர்கள் அலுமாரியின் மேல்தட்டில் இருந்தது. ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பியது.

"மரிஸ்ரெல்லா எண்டு பேர் வச்சனியா?" என்று கேட்டான்.

"ஓம்."

"எப்ப?"

"அங்க. படகு போகேக்க. வாய்விட்டுச் சொன்னனான்."

"நான் பக்கத்தில நிண்டனானே பிறேமி."

"காதில பஞ்சு வச்சிருந்தனீங்கள்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "எடுத்திருப்பன். நீ தோளில ஒருக்காத் தட்டியிருந்தா எடுத்திருப்பன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருக்கலாம் என்று பிறேமினிக்குத் தோன்றியது. துசியந்தி எனக்குச் செய்ததை நான் இவனுக்குச் செய்திருக்கிறேனோ என்று முதல் தரம் நினைத்தாள். இல்லை, இது வேறு, என்று தனக்குள் வாதாடினாள். முழுவதும் வேறு என்று சொல்ல வாய் வரவில்லை. போய் அவன் பக்கத்தில் இருந்தாள். கையை நீட்டி அவனுடைய வலது காதின் நுனியைத் தொட்டாள். அவன் அழுதான். அவள் அவனை அப்படி அழப் பார்த்ததில்லை.

துசியந்தி நிகழ்ச்சிகளை இணையத்திலிருந்து எடுத்துவிட்டாள். றேடியோவுக்குப் போவதையும் விட்டுவிட்டாள் என்று கேள்வி. ஆனால் போனது போனதுதான். கார்த்திகையில் பேசாலையிலிருந்து பிறேமினியின் சொந்த அக்கா ஒரு ஒலித்துண்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். "கேட்டுப்பார், நெஞ்சு வெடிக்கும். உங்கட லண்டன் மனுசிதானாம்" என்று எழுதியிருந்தாள். பிறேமினி திறக்காமலே அழித்தாள்.

அந்த மாதம் இறந்தவர்களுக்கான பூசைக்கு அவளும் கிளின்ரனும் பெயர் கொடுத்தார்கள். குருவானவர் ஒவ்வொரு பெயராக வாசித்து, "மரிஸ்ரெல்லா" என்று வாசித்தபோது முன்வரிசையில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. பூசை முடிந்ததும் இம்மாகுலேற் அக்கா கிட்ட வந்தார்.

"நல்ல காரியம் செய்தீங்கள் பிள்ளை. துசி அக்காவின்ர பிள்ளைக்குத்தானே?"

கிளின்ரன்தான் சொன்னான். "இல்லை அக்கா. எங்கட பிள்ளை."

இம்மாகுலேற் அக்கா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கியதா, இல்லை, பாவம், கதை கேட்டு மனம் பேதலித்துவிட்டது என்று நினைத்தாரா, பிறேமினிக்குத் தெரியாது. அவர் அதற்குப் பிறகு அதைப்பற்றி எதுவும் கேட்கவில்லை. மற்றவர்களும் கேட்கவில்லை. பிறேமினி நாகசாகியைப் பற்றி யாரிடமும் பேசுவதை விட்டாள். எதைச் சொன்னாலும் கேட்டதைச் சொல்வது போலத்தான் இருக்கும்.

துசியந்தி போனில் கூப்பிட்டுப் பார்த்தாள். பிறகு எழுதினாள். நத்தார் பண்டிகைக்கு ஒரு கேக்கைப் பெரிய மகனிடம் கொடுத்தனுப்பினாள். பிறேமினி அவனை உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டு அனுப்பினாள். பதில் ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. கோபம் என்று சொல்லமுடியாது. கோபமென்றால் ஒருநாள் ஆறும். காய்ச்சல் வந்த இரண்டு நாள் அவள் கை தானாகவே துசியந்தியின் இலக்கத்துக்குப் போனது. பிறகு நினைவு வந்து போனைக் கவிழ்த்து வைத்தாள். இழந்தது கூட்டாளியை மட்டுமல்ல. அந்த ஊரையும்தான். கண்ணை மூடித் துறைமுகத்தை நினைத்தால், பருந்துகளும் படிகளும் வருவதற்கு முன்னால் ஒரு புல்லாங்குழல் வந்தது. பனி விழுந்த விளக்கும், கப்பல்கள் ஊதிய இரவும் எல்லாம் துசியந்தியின் குரலில்தான் அவளுக்குத் திரும்பி வந்தன.

வைகாசி முடிவில், கப்பலில் ஏதோ திருத்த வேலை பார்க்கக் கிளின்ரனை இரண்டு கிழமைக்கு நாகசாகிக்குத் திரும்ப அனுப்பினார்கள். "நீயும் வாவன்" என்றான்.

"இல்லை" என்றாள். "நீங்கள் போட்டு வாங்கோ."

அவன் போன சில நாளில், அவள் காலையில் மூக்குக்கண்ணாடிக் கடையின் கதவைத் திறந்துகொண்டிருக்கும்போது போன் அடித்தது. அங்கே மாலை. அவன் படியேறிக்கொண்டு பேசுகிறான் போலிருந்தது, மூச்சு வாங்கியது.

"என்ன?" என்றாள்.

"மழை" என்றான்.

அவள் அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தாள். அவனுக்கு வர்ணிக்கத் தெரியாது, ஒருபோதும் தெரிந்ததில்லை. அவன் போனைக் காதிலிருந்து எடுத்து வெளியே நீட்டிப் பிடித்துவிட்டான் என்பது சத்தம் மாறியதில் தெரிந்தது. ஓட்டில் விழும் மழை. கால்வாயில் ஓடும் தண்ணீர். கீழே எங்கோ ட்ராம் மணி. ஒரு படகு ஒருமுறை ஊதி நிறுத்தியது. கடைக்கு முதல் ஆள் வந்து கண்ணாடிக் கதவைத் தட்டும்வரை, பிறேமினி சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டபடியே நின்றாள்.